அப்பத்தா அறையில் கேமரா வைக்குமுன்

அன்புள்ள தம்பிக்கு,

அத்தை எழுதுகிறேன். அப்பத்தா அறையில் ஒரு கேமரா வைத்து, மாடியில் நீ வேலை பார்க்கும் மேசையிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்திருக்கிறாய். எந்தக் கேமரா வாங்கலாம் என்று கேட்டிருந்தாய். கேட்டதற்கு மட்டும் பதில் என்றால் சுருக்கமாகச் சொல்லிவிடலாம்: எதுவும் வாங்க வேண்டாம். கொரோனா சமயத்தில் ஆன்லைன் வகுப்புக்கு வாங்கிய வெப்கேம் உன்னிடம் இருக்கிறது. அலமாரியில் உன் பழைய லேப்டாப் கிடக்கிறது. வீட்டில் வைஃபை ஓடுகிறது. இந்த மூன்றும் போதும். எப்படி என்பதையும் கீழே எழுதுகிறேன்.

ஆனால் அதற்கு முன்னால் சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது. போனில் பேசினால் "சரி அத்தை, சரி அத்தை" என்று சொல்லிக்கொண்டே மீட்டிங்குக்குப் போய்விடுவாய். அதனால்தான் கடிதம்.

அம்மா, அதாவது உன் அப்பத்தா, விடிகாலையில் பாத்ரூமுக்கு எழுந்துபோனபோது வழுக்கி விழுந்ததும், நீ காபி கொண்டுபோகும் வரை தரையிலேயே கிடந்ததும் உன்னை எப்படி உலுக்கியிருக்கும் என்று எனக்குத் தெரியும். கேள்விப்பட்ட நாளிலிருந்து எனக்கும் தூக்கம் சரியில்லை. எலும்பு முறியாமல் போனது நம் நல்ல காலம். உன் வயதுப் பிள்ளைகள் வார இறுதிக்குத் திட்டம் போட்டுக்கொண்டிருக்கும்போது, நீ வீட்டுப் பெரியவளைப் பார்த்துக்கொண்டு அங்கேயே இருக்கிறாய். உன் அக்கறையில் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. அந்த அக்கறை எங்கே போய் நிற்க வேண்டும் என்பதைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

வேறொரு இடத்தில் இருப்பதைக் கேமரா வைத்து, வலைப்பின்னல் வழியாகத் தன் மேசையிலிருந்தே பார்க்கும் இந்த வேலைக்குப் பேர்போன முன்னோடி ஒன்று உண்டு. 1991-ல், இங்கிலாந்தில், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணினி ஆய்வகத்தில் நடந்தது. அங்கே ட்ரோஜன் ரூம் என்று ஓர் அறை. அதன் வாசலில் ஒரு காபி மெஷின். வெவ்வேறு மாடிகளில் உட்கார்ந்திருந்த ஆராய்ச்சியாளர்கள் படியிறங்கி வந்து பார்த்தால் குடுவை காலியாக இருக்கும். க்வென்டின் ஸ்டாஃபோர்ட்-ஃப்ரேஸர், பால் ஜார்டெட்ஸ்கி என்ற இருவர் இதற்கு ஒரு வழி கண்டார்கள். வேதியியல் ஆய்வகத்தில் குடுவைகளைப் பிடித்து நிறுத்துவோமே, அந்த இரும்புத் தாங்கி ஒன்றில் கேமராவை மாட்டி, காபி குடுவைக்கு நேராகத் திருப்பினார்கள். வயர் தரைக்கு அடியில் ஓடி அறைக்குள் இருந்த கணினிக்குப் போனது. படத்தைப் பிடித்து வலைப்பின்னலில் விடும் புரோகிராமை ஜார்டெட்ஸ்கி எழுதினார். அதை வாங்கித் திரையின் மூலையில் காட்டும் புரோகிராமை ஸ்டாஃபோர்ட்-ஃப்ரேஸர் எழுதினார். அதற்கு எக்ஸ்காஃபி என்று பெயர். கறுப்பு வெள்ளைப் படம், 128-க்கு 128 புள்ளிகள், நிமிடத்துக்கு மூன்று தடவை மாறும், அவ்வளவுதான். குடுவை நிரம்ப எப்படியும் நேரமாகும் என்பதால் அதுவே தாராளமாக இருந்தது.

1993-ல் டேனியல் கார்டன், மார்ட்டின் ஜான்சன் என்ற இருவர் அந்தப் படத்தை இணையத்தில் ஏற்றினார்கள். உலகத்தின் எந்தெந்த மூலையிலிருந்தோ ஆட்கள் தாங்கள் ஒருபோதும் குடிக்கப்போகாத காபியைப் பார்த்தார்கள். ஆய்வகம் புதுக் கட்டடத்துக்குக் குடிபோனபோது, 2001 ஆகஸ்ட் 22 அன்று கேமராவை நிறுத்தினார்கள். கடைசியாக இருந்த மெஷினை ஜெர்மனியின் ஷ்பீகல் பத்திரிகையின் இணையப் பிரிவு 3,350 பவுண்டுக்கு ஏலத்தில் எடுத்தது.

இந்தக் கதையைப் பலரும் வேடிக்கைக்காகச் சொல்வார்கள். எனக்கு இதில் பிடித்தது வேறு. அவர்களுக்குத் தங்கள் கேள்வி தெளிவாகத் தெரிந்திருந்தது. குடுவையில் காபி இருக்கிறதா, இல்லையா. இதுதான் கேள்வி. கேமராவை எங்கே வைப்பது, எவ்வளவு தெளிவு வேண்டும், எத்தனை நொடிக்கு ஒரு படம் என்பதெல்லாம் அந்த ஒரு கேள்வியிலிருந்தே முடிவாகிவிட்டன. காபி ஊற்றிக்கொள்ள யார் வந்தார், எத்தனை தடவை வந்தார், எவ்வளவு நேரம் நின்று பேசினார் என்பதை அறிவதற்காக அது வைக்கப்படவில்லை. கேமரா ஒரு பொருளைப் பார்த்தது, ஆளைப் பார்க்கவில்லை.

நீ என்னிடம் சொன்னது, "அப்பத்தாவைப் பார்த்துக்கிட்டே இருக்கலாம் அத்தை." தம்பி, அது கேள்வியே இல்லை. உனக்கு உண்மையில் என்ன தெரிய வேண்டும்? கட்டிலை விட்டு எழுந்துவிட்டாளா? விழுந்து கிடக்கிறாளா? மாத்திரை போட்டாளா? உன்னைக் கூப்பிட்டு, ஹெட்போன் மாட்டியிருந்ததால் உனக்குக் கேட்காமல் போயிற்றா? இவை நான்கும் வேறு வேறு. நான்கில் இரண்டுக்குக் கேமராவே தேவையில்லை. மாத்திரைக்கு, நாள் வாரியாகத் தடுப்பு உள்ள டப்பா போதும். கூப்பிடுவதற்கு காலிங் பெல் போதும். பட்டனைக் கையில் வைத்துக்கொள்ளும் வயர்லெஸ் பெல், எந்த எலெக்ட்ரிக்கல் கடையிலும் கிடைக்கிறது. பெட்டியில் போட்டிருக்கும் தூரத்தை நம்பாதே. கான்கிரீட் தளத்தைத் தாண்டும்போது வெகுவாகக் குறையும். கீழே அழுத்தினால் மாடியில் அடிக்கிறதா என்று நீயே பார்த்துவிடு. ஒரு பட்டனை அம்மா கழுத்தில் போட்டுக்கொள்ளும்படி கயிற்றில் கோத்துக் கொடு. இன்னொன்றை பாத்ரூம் சுவரில், தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் ஒட்டு. விழுந்து கிடப்பவளுக்கு நாலடி உயரத்தில் இருக்கும் சுவிட்ச் எட்டாது.

கேமராவைப் பற்றி யோசிக்குமுன் பாத்ரூமைப் பற்றி யோசித்தாயா? விழுந்தது அங்கே போகும் வழியில். அந்த வழியில் இரவு முழுக்க எரியும் ஒரு சின்ன விளக்கு இல்லை. வாசலில் மிதியடி மடிந்து கிடக்கிறது, போன பொங்கலுக்கு வந்தபோதே பார்த்தேன். கம்மோடு பக்கத்தில் பிடித்து எழுவதற்குக் கைப்பிடி கிடையாது. உறிஞ்சிப் பிடிக்கும் ரப்பர் கைப்பிடி வேண்டாம், அது ஆளின் கனத்தைத் தாங்காது. டைல்ஸைத் துளைபோட்டு ஸ்குரூ முடுக்கிய ஸ்டீல் கைப்பிடிதான் வேண்டும். கதவு உள்பக்கமாகத் திறக்கிறது. உள்ளே ஆள் விழுந்து கதவுக்குக் குறுக்கே கிடந்தால் வெளியிலிருந்து தள்ள முடியாது. தச்சரைக் கூப்பிட்டு வெளிப்பக்கமாகத் திறக்கும்படி மாற்றச் சொல். உள்தாழ்ப்பாளை எடுத்துவிட்டு, அவசரத்துக்கு வெளியிலிருந்தும் திறக்கக்கூடிய பூட்டாகப் போடு. கேமரா ஒருத்தி விழுவதைத் தடுக்காது. விழுந்துவிட்டாள் என்று சொல்லும். அதுவும் யாராவது அந்த நேரத்தில் பார்த்துக்கொண்டிருந்தால்தான்.

அந்த யாராவது நீயாக இருக்க மாட்டாய் என்பதைக் குறையாகச் சொல்லவில்லை. மனிதக் கண்ணின் இயல்பு அது. அதே கேம்பிரிட்ஜில், நார்மன் மேக்வொர்த் என்ற உளவியலாளர் இதைச் சோதித்துப் பார்த்தார். இரண்டாம் உலகப் போரில் விமானங்களிலிருந்து நீர்மூழ்கிக் கப்பல்களைத் தேடிய ரேடார்காரர்கள், நேரம் போகப் போகத் திரையில் தெரிவதையே தவறவிட்டார்கள். ஏன் என்று கண்டுபிடிக்க, எண்களே இல்லாத ஒரு கடிகார முகப்பில் முள் ஒன்றை நொடிக்கு ஒரு தாவலாக ஓடவிட்டார். எப்போதாவது ஒரு தடவை முள் இரட்டைத் தாவல் தாவும். அதைக் கண்டவுடன் பட்டனை அழுத்த வேண்டும். இரண்டு மணி நேரச் சோதனையில், முதல் அரை மணி நேரம் முடிவதற்குள்ளேயே கவனம் சரியத் தொடங்கிவிட்டது. 1948-ல் வெளியான முடிவு அது. வேறு வேலையே இல்லாமல் முள்ளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கே அந்தக் கதி என்றால், ஒரு திரையில் ஆபீஸ் வேலையும் இன்னொரு மூலையில் அப்பத்தாவுமாக எட்டு மணி நேரம் உன்னால் எப்படிப் பார்க்க முடியும்? படம் அங்கே ஓடிக்கொண்டிருக்கிறது என்பதே உன்னைக் கீழே இறங்கிப் போய்ப் பார்க்கவிடாமல் செய்துவிடும். எனக்கு இருக்கும் பெரிய பயம் இதுதான்.

ஆகவே, கேமரா வைத்தே ஆக வேண்டும் என்றால் அதற்கு ஒரே ஒரு கேள்வியைக் கொடு: அம்மா தரையில் கிடக்கிறாளா? இந்தக் கேள்விக்கு அவள் முகம் தேவையில்லை. கட்டில் தேவையில்லை. அலமாரி நிற்கும் மூலை, அதாவது அவள் சேலை மாற்றும் இடம், தேவையே இல்லை. கட்டிலுக்கும் பாத்ரூம் வாசலுக்கும் நடுவே உள்ள தரை தெரிந்தால் போதும். வெப்கேமை மேலே சுவரில் மாட்டாதே. முழங்கால் உயரத்துக்கு ஒரு முக்காலியில் வைத்து, தரையை நோக்கிச் சற்றுச் சாய்த்துவிடு. நடக்கும்போது பாதம் தெரியும், சேலைக் கரை தெரியும். விழுந்தால் ஆள் தெரியும். பாத்ரூமுக்குள் எந்தக் காரணத்துக்காகவும் வேண்டாம். அங்கேதான் ஆபத்து அதிகம் என்று வாதம் செய்வாய், அங்கே கைப்பிடியும் பெல்லும் காவல் இருக்கட்டும்.

இனி நீ கேட்ட வேலைக்கு வருகிறேன். நான் தொலைபேசித் துறையில் காலம் முழுக்க வயர்களோடு வாழ்ந்தவள் என்பதால் இதில் கொஞ்சம் நீளமாகப் பேசுவேன், பொறுத்துக்கொள்.

சாதாரண யூஎஸ்பி வயரை ஐந்து மீட்டருக்கு மேல் இழுக்க முடியாது. ஆகவே வெப்கேமிலிருந்து மாடிவரை வயர் போடும் எண்ணம் வேண்டாம். பழைய லேப்டாப்பையே அம்மா அறையில் வைத்து வெப்கேமை அதில் சொருகு. வைக்குமுன் பேட்டரி உப்பியிருக்கிறதா என்று கட்டாயம் பார். அடிப்பக்கம் புடைத்திருந்தாலோ, டச்பேட் மேலே தள்ளியிருந்தாலோ அந்தப் பேட்டரியோடு அதை ஒரு நிமிடம்கூட அந்த அறையில் வைக்காதே. கழற்றி, மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுத்துவிடு. மூடியை மூடினாலும் தூங்கிவிடாதபடி செட்டிங்கில் மாற்று. லினக்ஸ் போட்டு, மோஷன் என்ற இலவச புரோகிராமை நிறுவு. அது ஒவ்வொரு படத்தையும் முந்தைய படத்தோடு ஒப்பிட்டு, எத்தனை புள்ளிகள் மாறியிருக்கின்றன என்று எண்ணும். நீ வைத்த அளவைத் தாண்டினால் அசைவு என்று அறிவிக்கும். 640-க்கு 480 புள்ளிகள், நொடிக்கு ஐந்து படம் போதும். அதற்கு மேல் வைத்தால் பழைய லேப்டாப் சூடேறி ஃபேன் இரையும். அம்மாவுக்கு அந்தச் சத்தத்தில் தூக்கம் வராது.

ரவுட்டர் அந்த லேப்டாப்புக்கு 192.168 என்று தொடங்கும் ஓர் எண்ணைக் கொடுக்கும். உலகத்தில் கோடிக்கணக்கான வீடுகளில் அதே எண்கள்தான் புழங்குகின்றன, ஏனென்றால் அவை வீட்டுக்குள் மட்டுமே செல்லுபடியாகும் எண்கள். அந்த எண் மாறிக்கொண்டே இருக்காதபடி ரவுட்டரில் அதை இந்த லேப்டாப்புக்கென்று ஒதுக்கிவிடு. பிறகு மோஷனின் செட்டிங்கில் மற்ற கணினிகளும் பார்க்க அனுமதி கொடுத்துவிட்டு, மாடியில் பிரவுசரில் அந்த எண்ணையும் போர்ட்டையும் அடித்தால் படம் வரும். போர்ட் எண்ணும் அந்த செட்டிங்கிலேயே இருக்கும். யூசர்நேம், பாஸ்வேர்டு இல்லாமல் திறக்கும்படி விடாதே. வீட்டு வைஃபை பாஸ்வேர்டு பக்கத்து வீட்டுப் பையன்கள்வரை தெரியும் என்று உன் அப்பாவே சொல்லியிருக்கிறார். நம் வீட்டுச் சுவர்கள் தாத்தா காலத்துச் செங்கல் சுவர்கள். 5 கிகாஹெர்ட்ஸ் அலை அவற்றைத் தாண்டத் தள்ளாடும், 2.4-ல் இணைத்துக்கொள். முடிந்தால் லேன் கேபிளே இழுத்துவிடு. அது நூறு மீட்டர்வரை தாங்கும், உன் வீட்டுக்குப் பதினைந்து மீட்டர்கூட ஆகாது.

முதல் வாரம் அலாரம் உன்னைப் பாடாய்ப் படுத்தும். மின்விசிறியின் நிழல் ஓடுவதும் அசைவுதான், திரைச்சீலை ஆடுவதும் அசைவுதான், பூனை வருவதும் அசைவுதான். படத்தில் எந்தப் பகுதியைக் கணக்கில் எடுக்க வேண்டாம் என்று கறுப்பு அடித்துக் காட்டும் வசதி இருக்கிறது, அதைப் பயன்படுத்து. இரவு பத்திலிருந்து காலை ஐந்தரைவரை மட்டும் ஒலிக்கட்டும். அம்மா இரவில் இரண்டு மூன்று தடவை எழுவாள், ஒவ்வொரு தடவையும் உன் போன் கூவும். சலித்துப்போய் நீ அதை மியூட்டில் போடும் நாள்தான் கேமரா செத்த நாள். அப்படி ஒரு நாள் வந்தால் மறைக்காமல் எனக்குச் சொல், வேறு வழி பார்க்கலாம்.

இன்னொன்று. வெப்கேமுக்கு இருட்டில் கண் தெரியாது. கடையில் விற்கும் கண்காணிப்புக் கேமராக்கள் தங்களுடைய அகச்சிவப்பு விளக்கை எரியவிட்டுப் பார்க்கின்றன. உன் வெப்கேமில் அந்த விளக்கும் இல்லை, அகச்சிவப்பை உள்ளே விடாத வடிகட்டி வேறு இருக்கிறது. ஆகவே அந்த இரவு விளக்கு இல்லாமல் இது ஒன்றுக்கும் உதவாது. விளக்கு முதலில், கேமரா பிறகு என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். கரண்ட் போனால்? லேப்டாப் பேட்டரியில் ஓடும், ரவுட்டர் நின்றுவிடும், படம் நின்றுவிடும். அம்மா இருட்டில் தடவித் தடவி நடக்கப்போவதும் அதே நேரத்தில்தான். ரவுட்டரையும் அந்த இரவு விளக்கையும் இன்வெர்ட்டர் லைனில் மாற்றச் சொல்.

நீ ஆபீசுக்குப் போகும் நாட்களில் வெளியிலிருந்து பார்க்க வேண்டும் என்று கேட்டாய். ரவுட்டரில் போர்ட்டைத் திறந்துவிட்டால் போதும் என்று உன் சிநேகிதன் சொன்னதாகவும் சொன்னாய். வேண்டவே வேண்டாம். பால்காரர் வருவார் என்பதற்காகக் கொல்லைக் கதவை இரவெல்லாம் திறந்துபோட்டுத் தூங்குவதும் இதுவும் ஒன்று. இணையத்தில் திறந்து கிடக்கும் கருவிகளை இயந்திரங்கள் இரவும் பகலும் தேடிக்கொண்டே இருக்கின்றன. ஷோடன் என்று இதற்கென்றே ஒரு தேடுபொறி 2009-லிருந்து இருக்கிறது. 2012 ஜனவரியில் அமெரிக்காவில், ட்ரெண்ட்நெட் நிறுவனத்தின் வீட்டுக் கேமராக்களில் இருந்த மென்பொருள் குறையால் ஏறக்குறைய 700 கேமராக்களின் நேரடிக் காட்சிகள் யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி இணையத்தில் வந்தன. தொட்டிலில் தூங்கும் குழந்தைகள், விளையாடும் பிள்ளைகள், வீட்டில் சாதாரணமாக நடமாடும் பெரியவர்கள். அந்த நாட்டு வர்த்தக ஆணையம் வழக்குத் தொடுத்து, 20 ஆண்டுகளுக்கு இரண்டு ஆண்டுக்கொரு முறை பாதுகாப்புத் தணிக்கை செய்யவேண்டும் என்ற நிபந்தனையோடு 2013-ல் சமரசத்துக்கு வந்தது. பார்க்கப்பட்டவர்களின் பார்க்கப்பட்ட பொழுதை எந்த நிபந்தனையாலும் திருப்பித் தர முடியவில்லை.

2016-ல் மிராய் என்ற நச்சு மென்பொருள் வந்தது. கேமராக்களிலும் ரவுட்டர்களிலும் கம்பெனி போட்டுக்கொடுத்த பாஸ்வேர்டை யாரும் மாற்றுவதில்லை என்பது ஒன்றே அதன் மூலதனம். அறுபத்துச் சொச்சம் யூசர்நேம், பாஸ்வேர்டு ஜோடிகளை வைத்துக்கொண்டு லட்சக்கணக்கான கருவிகளுக்குள் புகுந்தது. அக்டோபர் 21 அன்று அவற்றைக்கொண்டு, பல தளங்கள் நம்பியிருந்த டைன் என்ற நிறுவனத்தின் மீது ஏவிய தாக்குதலில், அமெரிக்காவில் ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்ற பெரிய தளங்களே மணிக்கணக்கில் தடுமாறின. மிராயை எழுதியதாக அடுத்த ஆண்டு குற்றத்தை ஒப்புக்கொண்ட மூவரும் இளைஞர்கள். உன் வயதுப் பிள்ளைகளின் கையில் இதுவும் இருக்கிறது, நீ செய்ய நினைப்பதும் இருக்கிறது.

நம் ஊரில் வீட்டு இணைப்புகள் பலவற்றுக்கும் தனியாக ஒரு வெளிமுகவரியே கிடையாது. பல வீடுகளை ஒரே முகவரிக்குப் பின்னால் அடைத்துவைத்திருக்கிறார்கள். அதனால் போர்ட்டைத் திறந்தாலும் பெரும்பாலும் வேலை செய்யாது. டெயில்ஸ்கேல், வயர்கார்டு போன்ற ஒன்றைப் போட்டால் உன் போனுக்கும் வீட்டு லேப்டாப்புக்கும் நடுவே பூட்டிய பாதை ஒன்று கிடைக்கும். கேமரா வெளியே திறந்து கிடக்காது. முகவரித் தொல்லை இருக்கும் உன்னைப் போன்றவர்களுக்கு டெயில்ஸ்கேல் எளிது. கருவிகள் தாமாகவே போர்ட்டைத் திறந்துகொள்ள விடும் யூபிஎன்பி என்று ஒன்று ரவுட்டரில் இருக்கும், அதை அணைத்துவிடு. மைக்கையும் அணைத்துவிடு. படம் எதுவும் சேமிக்க வேண்டாம். சேமித்தால்தான் நிம்மதி என்றால் ஒரு நாளுக்கு மேல் வைக்காதே. உன் கேள்வி "இப்போது தரையில் கிடக்கிறாளா" என்பது. போன செவ்வாய்க்கிழமை எப்படி நடந்தாள் என்பது இல்லை.

இவ்வளவும் சொல்லிவிட்டேன். இன்னும் ஒரு வேலை பாக்கி; அது முதலில் செய்ய வேண்டியது. அம்மாவைக் கேட்டாயா?

உன் செய்தியில் அப்பத்தா என்ன சொன்னாள் என்று ஒரு வார்த்தையும் இல்லை. அந்த அறை அவளுடையது. முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொள்வது அங்கே. பூட்டிய பெட்டியைத் திறந்து பணத்தை எண்ணி மறுபடி முடிந்துவைப்பது அங்கே. தாத்தா படத்துக்கு முன்னால் நின்று அன்றைய வீட்டு நடப்பையெல்லாம் ஒப்பிப்பது அங்கே. அதை நான் கதவிடுக்கு வழியாகக் கூடப் பார்த்ததில்லை, கேள்விதான் பட்டிருக்கிறேன். அவளுக்குக் கால்தான் தளர்ந்திருக்கிறது, புத்தி தளரவில்லை. கேட்டால் பதில் சொல்லத் தெரியும்.

வயதானவர்களுக்கு அந்தரங்கம் எதற்கு என்று நினைக்கும் வழக்கம் நம் வீடுகளில் இருக்கிறது. இந்த நாட்டில் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2017 ஆகஸ்ட் 24 அன்று சொன்னது, ஒன்பது நீதிபதிகளும் ஒருமித்து. அந்த வழக்கைப் போட்டவர் யார் தெரியுமா? கர்நாடக உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்து ஓய்வுபெற்ற கே.எஸ். புட்டசாமி. 2012-ல் வழக்குப் போட்டபோது அவருக்கு வயது 86. தீர்ப்பு வந்தபோது 91. உனக்கும் எனக்கும் அந்த உரிமையை உறுதிசெய்ய நீதிமன்றத்துக்குப் போனவர் உன் அப்பத்தாவின் தலைமுறைக்காரர். சட்டத்தைக் காட்டி உன்னைப் பயமுறுத்தவில்லை. ஆனாலும் தெரிந்துவைத்துக்கொள்: ஒருவரின் அந்தரங்க உறுப்புகளைச் சம்மதம் இல்லாமல் படம் பிடிப்பது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-இ பிரிவில் குற்றம். ஒரு பெண் அந்தரங்கச் செயலில் இருக்கும்போது, யாரும் பார்க்க மாட்டார்கள் என்று அவள் எதிர்பார்க்கும் நிலையில் அவளைப் பார்ப்பதே பாரதிய நியாய சன்ஹிதாவின் 77-ம் பிரிவில் குற்றம். வயது வரம்பு எதுவும் அதில் இல்லை. காலையில் வந்து அம்மாவைக் குளிப்பாட்டிவிடும் அக்காவும் அந்த அறையில் நடமாடுகிறாள். அவளிடமும் சொல்ல வேண்டும். அவள் ஏழை, கேட்க மாட்டாள் என்பதால் சொல்லாமல் விடுவது ரொம்பத் தப்பு.

கேட்கும்போது எப்படிக் கேட்பது? "உன் பாதுகாப்புக்குத்தான் அப்பத்தா" என்று தொடங்காதே. அப்படித் தொடங்கினால் அவளால் மறுக்க முடியாது. லேப்டாப்பைக் கட்டில் பக்கத்தில் கொண்டுபோய் வை. கேமராவைத் தரைக்குத் திருப்பி, என்ன தெரிகிறது என்று உன் போனிலேயே அவளுக்குக் காட்டு. அவள் காலை அவளே பார்க்கட்டும். யார் யார் பார்ப்பார்கள் என்று சொல். கேமராவில் எரியும் சின்ன விளக்கை டேப் ஒட்டி மறைக்காதே. அது எரிந்தால் ஓடுகிறது, அணைந்தால் ஓடவில்லை என்று சொல்லிக்கொடு. வேண்டாம் என்று தோன்றும் நேரத்தில் போட்டு மூட ஒரு துணி உறை தைத்துக் கொடு. மூடினால் ஏன் மூடினாய் என்று கேட்காதே. அவள் வேண்டாம் என்று சொன்னால், வேண்டாம்தான். பெல்லும் விளக்கும் கைப்பிடியும் இருக்கின்றன. இரவில் நீ கீழே ஹாலில் படுத்துக்கொள்ளலாம்.

எனக்கும் சிங்கப்பூரில் இருக்கும் உன் சித்தப்பாவுக்கும் லாகின் தருகிறேன் என்றாயே, எனக்கு வேண்டாம். சித்தப்பாவுக்கும் தராதே, அவனிடம் நான் பேசிக்கொள்கிறேன். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம்கூடப் போகக் கூடாது.

ஏன் வேண்டாம் என்று சொல்கிறேன். தினமும் சாயங்காலம் அம்மாவோடு பேசுகிறேன். "சாப்பிட்டியாம்மா" என்று கேட்பேன். "நல்லா சாப்பிட்டேன்டி, ரெண்டு இட்லி" என்பாள். சில நாள் அது ஒன்றரை இட்லியாக இருக்கும் என்று எனக்குத் தெரியும். குரலில் தெரியும். ஆனால் நான் வருத்தப்படக்கூடாது என்று அவள் எடுக்கும் அந்த முடிவு இருக்கிறதே, அது அவள் எனக்குத் தாயாக இன்னமும் செய்துகொண்டிருக்கும் வேலை. நான் சென்னையில் உட்கார்ந்து அவளைத் திரையில் பார்த்துவிட்டால் அந்த வேலை அவள் கையை விட்டுப் போய்விடும். "பொய் சொல்லாதே, நான் பார்த்தேன்" என்று ஒரு நாள் சொல்லிவிடுவேன். அன்றிலிருந்து அவள் என்னிடம் எதையும் சொல்ல மாட்டாள். எப்படியும் பார்த்திருப்பேன் என்று விட்டுவிடுவாள். தன் நாளைத் தானே சொல்வதற்கு ஒருவருக்கு இருக்கும் உரிமையை, எவ்வளவு பிரியத்தோடு எடுத்துக்கொண்டாலும் அது எடுத்துக்கொண்டதுதான். இப்போது அவளிடம் மிச்சமிருப்பது பெரும்பாலும் அந்தச் சொல்தான், தம்பி. முட்டி வலியை எத்தனை பெரிதாகச் சொல்வது, எத்தனை சின்னதாகச் சொல்வது, எந்த மருமகளைப் பற்றி யாரிடம் குறை சொல்வது, எதைச் சொல்லாமல் விழுங்குவது என்பதெல்லாம் அவள் தீர்மானம். தரையில் ஒரு துண்டை மட்டும் பார்க்கும் கேமரா அதைத் தொடாது. அறையை முழுக்கப் பார்க்கும் கேமரா தொடும். ஆறு பேர் பார்க்கும் கேமரா மொத்தமாக எடுத்துவிடும்.

உனக்கும் இதில் ஒன்று இருக்கிறது. இந்த வேலையை நீ ஒருவன் தூக்கிச் சுமக்கிறாய். அந்தச் சுமையை இயந்திரத்திடம் கொஞ்சம் இறக்கிவைக்கத்தான் கேமரா கேட்டாய் என்பது எனக்குப் புரிகிறது. அதற்கு வழி, ஆளைக் கூட்டுவது. இரவில் தங்க ஒரு ஆள் வைப்பது பற்றி உன் அப்பாவிடமும் சித்தப்பாவிடமும் பேசப் போகிறேன். மூன்று பேரும் பங்கு போட்டால் முடியாத தொகை இல்லை. லாகின் கேட்பவர்கள் இதிலும் சேரட்டும்.

இந்த வாரம் செய்ய வேண்டியது இவ்வளவுதான்: மிதியடியை எடுத்து எறி, விளக்கு போடு, பெல் வாங்கு. கைப்பிடிக்கும் தச்சருக்கும் நான் இன்றே பணம் அனுப்புகிறேன். கைப்பிடியை நீயாக அளந்து வைக்காதே, அம்மாவைக் கம்மோடில் உட்காரச் சொல்லி, எழும்போது அவள் கை தானாக எங்கே போகிறதோ அங்கே பென்சிலில் குறித்துக்கொள். மோஷனை நிறுவுவதில் எங்காவது மாட்டிக்கொண்டால் கூப்பிடு, இருவருமாகப் பார்த்துச் சரிசெய்யலாம். ஆனால் அம்மா என்ன சொன்னாள் என்று எழுதிய பிறகுதான் அதற்குக் கூப்பிட வேண்டும். சரி என்றாளா, வேண்டாம் என்றாளா, வேறு ஏதாவது கேட்டாளா, அவள் சொன்ன வார்த்தையிலேயே எழுது.

அன்புடன்,
அத்தை